கூடம் கோணலாக இருந்தபோது

சற்று நீளமான பதிவு; பொறுத்தருள்க. ஒரு பழைய வீடியோ கேமின் திசைப்பொத்தானைப் பழுது பார்த்த கதை இது. பார்க்கப் போன இடத்தில், பதினேழு ஆண்டுகளாக என் தம்பிமீது நான் சுமத்திவந்த ஒரு பழியும் கைக்குக் கிடைத்தது.

சென்ற மாதம் அப்பா பணிநிறைவு பெற்றார். செகந்திராபாத்தில் நாங்கள் வளர்ந்த ரயில்வே குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் நானும் விடுதியிலிருந்து நான்கு நாள்கள் போயிருந்தேன். பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டி ஒன்றில் எங்கள் பழைய ‘டிவி கேம்’ இருந்தது. என் வயதுக்காரர்கள் பலர் இதை அறிவார்கள். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் இயந்திரத்தின் நகல். நம் கடைகளில் அது என்ன பெயரில் விற்றாலும், உள்ளே ஓடியவை அதே ஆட்டங்கள்தாம்: மரியோ, கான்ட்ரா, இன்னும் சில. ஒரு மஞ்சள் கேசட், இரண்டு கன்ட்ரோலர்கள். கன்ட்ரோலரை நாங்கள் ‘ரிமோட்’ என்போம்.

வாங்கியபோது எனக்குப் பதினோரு வயது, தம்பிக்கு எட்டு. முதல் கன்ட்ரோலர் எனக்கு, இரண்டாவது அவனுக்கு. இது வீட்டில் எவரும் எழுதிவைக்காத சட்டம். மூத்தவளாகப் பிறந்ததைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. சூப்பர் மரியோவில் முதல் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு மரியோ, இரண்டாமவருக்கு லூயிஜி. ஒருவர் இறந்தால் மற்றவர் முறை. என் மரியோ கோட்டைவரை போவான். அவனுடைய லூயிஜி முதல் கட்டத்தின் குழிகளிலேயே விழுந்து சாவான். ஓடிவருவான், குழியின் விளிம்பில் ஏனோ தயங்குவான், அரைத் தாவலாகத் தாவி உள்ளே போய்விடுவான்.

“இந்த ரிமோட்டு சரியில்லக்கா, நான் அழுத்தறது ஒண்ணு, அது போறது ஒண்ணு” என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். நான் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில், அம்மாவிடம் கற்ற பழமொழி: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில நாள்களில் பழமொழிகூட இல்லாமல் நேராகவே சொல்லியிருக்கிறேன்: “உன் கை சரியில்லடா.”

கான்ட்ராவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். மூன்றாம் கட்டமான அருவியில் திரை மேல்நோக்கி நகரும். முன்னால் ஏறுபவர் வேகமாக ஏறினால், பின்தங்கியவர் திரையின் கீழ்விளிம்புக்கு வெளியே போய் உயிரிழப்பார். நான் காத்திருக்கமாட்டேன். ஒரு கட்டத்துக்குப்பின் அவன் ஆட வருவதை நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இனி பெட்டி திறந்த நாளுக்கு வருகிறேன். புது வீட்டுத் தொலைக்காட்சியில் மஞ்சள், வெள்ளைச் செருகிகளுக்கு இடம் இருந்தது. இயந்திரம் வியப்பூட்டும் வகையில் உயிரோடிருந்தது. ஆனால் என் கன்ட்ரோலரின் வயர் செருகிக்கு அருகே அறுந்துபோயிருந்தது. ஆகவே, வாழ்க்கையில் முதன்முறையாக, தம்பியின் கன்ட்ரோலரை எடுத்து முதல் துளையில் செருகி ஆடினேன்.

முதல் கட்டத்தின் முதல் குழியில் விழுந்தேன். பழக்கம் விட்டுப்போனதென்று நினைத்தேன். மறுபடியும் விழுந்தேன். ஓடிவரும் மரியோ விளிம்பில் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் நன்கு அறிவேன். அது லூயிஜியின் தயக்கம். பத்து நிமிடம் கழித்து வாய்விட்டே சொன்னேன்: “இந்த ரிமோட் சரியில்லை.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் விழுந்தபோது பொத்தானைக் குற்றம் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவன் விழுந்தபோது, ஆண்டுக்கணக்கில் நான் அவன் கையைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் உடனே குற்றத்தை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பழுது இப்போது இருக்கிறது, சரி, அப்போதும் இருந்ததா? பதினேழு ஆண்டு பரணில் கிடந்த ரப்பரும் செம்பும் கெட்டுப்போவது இயல்புதானே? கோட்டியில், குஜராத்தி கல்லியின் மின்பொருள் கடை ஒன்றில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கப் போனபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டே, இதைத் துடைப்பதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கிப் போகச் சொன்னார். பொருளாதாரப்படி அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு வேண்டியது வேலை செய்யும் கன்ட்ரோலர் அன்று. ‘எப்போதிலிருந்து?’ என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டல் குறி வடிவிலுள்ள இந்தத் திசைப்பொத்தான் முதலில் இடம்பெற்றது 1982இல் நின்டென்டோ வெளியிட்ட டாங்கி காங் என்னும் ‘கேம் அண்ட் வாட்ச்’ கையடக்கக் கருவியில். வடிவமைத்தவர் குன்பேய் யோகோய். மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் கருவியில் துருத்திக்கொண்டு நிற்கும் ஜாய்ஸ்டிக்குக்கு இடமில்லை. தட்டையான ஒன்று வேண்டும். அதே வேளையில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பெருவிரல் தான் இருக்கும் இடத்தை உணரவும் வேண்டும். கூட்டல் குறியின் நான்கு கைகள் அந்த இரண்டையும் நிறைவேற்றின.

மேலே தெரிவது ஒரே துண்டு பிளாஸ்டிக். அதன் அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. அதில் திசைக்கு ஒன்றாக நான்கு குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் கரிய வில்லை ஒன்று. ரப்பருக்கு அடியில் சர்க்யூட் போர்டு. அதில் சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தும் தொடாமலும் இருக்கும் தடங்கள். குமிழ் அமுங்கினால் வில்லை அந்தத் தடங்களை இணைக்கும். ஒரு திசைக்கு ஒரு சுவிட்ச். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்தால் மூலைத்திசை. அசல் ஃபேமிகாமில் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் 4021 என்ற சிறு சில்லு வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்துக்கு ஒப்பிக்கும். எங்களுடையதைப் போன்ற மலிவு நகல்களில் சில்லுக்குப் பதில் ஒரு கரிய பிசின் பொட்டுதான் தெரியும், வேலை அதேதான்.

இவற்றில் எளிதில் கண்ணில் படாத உறுப்பு ஒன்று உண்டு. பிளாஸ்டிக் துண்டின் அடியில், நட்டநடுவே, சிறு குமிழ்போன்ற ஒரு முனை. அது ரப்பரின் நடுத்துளை வழியாகப் போர்டின்மேல் ஊன்றி நிற்கும். சீசாப் பலகைக்கு நடுவில் உள்ள தாங்கியைப் போன்றது அது. அது இருப்பதால்தான் வலப்பக்கத்தை அழுத்தும்போது இடப்பக்கம் எழும்புகிறது; வலமும் இடமும் ஒருசேர அமுங்க முடிவதில்லை; மேலும் கீழும் தேவையில்லாமல் தொடப்படுவதில்லை. அந்த முனை சரியில்லையென்றால், பெருவிரல் வலப்பக்கம் அழுத்தும்போது சாய்வதற்குப் பதிலாகத் துண்டு முழுவதுமே கீழே இறங்கும். விரல் இம்மி விலகியிருந்தாலும் பக்கத்துக் குமிழும் சேர்ந்து அமுங்கும்.

பழுது பார்ப்பதில் நான் செய்தது என் துறையின் பழைய வழக்கம்தான்: இரண்டு பொருள்கள், ஒரே ஒரு வேறுபாடு. ‘பல்’லையும் ‘பள்’ளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் லகரமும் ளகரமும் வேறுவேறு ஒலியன்கள் என்று சொல்ல முடியும், இரண்டு ஒலிகள் ஒருசேர மாறினால் எதுவும் நிறுவப்படுவதில்லை. என்னிடம் ஒரே மாதிரியான இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் உறுப்பை மட்டும் மாற்றினேன்.

முதலில் துப்புரவு. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் போர்டின் தடங்களையும், மிக மென்மையாகக் கரிய வில்லைகளையும் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. சில சமயம் அழுத்தியும் வேலை செய்யாமலிருந்த இடப்பக்கம் உடனே சரியாயிற்று. ஆனால் குழியருகே தயக்கம் போகவில்லை. இரண்டாவதாக, என் கன்ட்ரோலரின் ரப்பர் விரிப்பை எடுத்து அவனுடையதில் வைத்தேன். மாற்றமில்லை. அவன் ரப்பரையே திரும்ப வைத்து, மூன்றாவதாக என் பிளாஸ்டிக் துண்டை மட்டும் அவனுடையதில் வைத்தேன். மரியோ தயங்காமல் ஓடித் தாவினான். பழுது அந்தத் துண்டில்தான்.

தயக்கத்தின் காரணமும் வேடிக்கையானது. சூப்பர் மரியோவின் நிரலில் ஒரு விதி இருக்கிறது. தரையில் நிற்கும்போது கீழ்த்திசையும் பக்கத்திசையும் ஒருசேர வந்தால், ஆட்டம் இரண்டையுமே கணக்கிலிருந்து நீக்கிவிடும். அதாவது நீங்கள் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கீழ்’ தவறுதலாகத் தொடப்பட்டால், நீங்கள் எதையுமே அழுத்தவில்லை என்று ஆட்டம் எடுத்துக்கொள்ளும். வேகம் குறையும். ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்தே தாவலும் அமைவதால் தாவலும் குறுகும். பதற்றத்தில் சிறுவன் இன்னும் வலுவாக அழுத்துவான். துண்டு இன்னும் ஆழமாக இறங்கும். ‘கீழ்’ இன்னும் உறுதியாகத் தொடப்படும். முயற்சி கூடக்கூடத் தோல்வி உறுதியாகும் ஏற்பாடு.

மிச்சமிருந்தது அந்த ஒற்றைக் கேள்வி. இரு துண்டுகளையும் கவிழ்த்து மேசைவிளக்கின் கீழே வைத்தேன். என்னுடையதன் நடுமுனை தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தது. அது ஊன்றிய இடத்தில் என் போர்டில் வட்டமாக ஒரு தழும்பு. தம்பியின் முனை சற்றுக் குட்டையாக இருந்தது. தேய்ந்து குட்டையாகியிருந்தால் அது என்னுடையதைவிட அதிகமாகப் பளபளத்திருக்க வேண்டும். ஆனால் அதன்மேல் வார்ப்பு அச்சின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. அவனுடைய போர்டின் நடுவில் தழும்பே இல்லை. அந்த முனை ஒருநாளும் போர்டைத் தொட்டதில்லை. வார்க்கப்பட்ட நாளிலிருந்தே அது எட்டவில்லை.

கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

நான் வெட்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அன்றாட வேலையே பதிவுசெய்த பேச்சைக் கேட்டுக் குறித்துவைப்பது. அதில் முதலில் கற்பிக்கப்படும் பாடம்: பேசுபவர் தவறினார் என்று எழுதுமுன், பதிவுசெய்த கருவியைச் சோதி. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ்’ ஒலியின் ஆற்றல் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், தொலைபேசியில் ‘ஸ்’ஸும் ‘ஃப்’பும் குழம்பும். அதைக் கேட்டுப் பேசியவருக்கு உச்சரிப்பு சரியில்லை என்று எழுதினால், அந்த ஆய்வேடு தேறாது. 1957இல் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் லிபர்மனும் உடனாய்வாளர்களும் செய்த சோதனையை வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். ப, ட, க வகை ஒலிகளுக்கிடையே சம அளவுப் படிகளாகச் செயற்கை ஒலிகளை அமைத்துக் கேட்கச் செய்தபோது, கேட்டவர்கள் படிப்படியான மாற்றத்தை உணரவில்லை; ஓரிடத்தில் சட்டென்று ஒன்று இன்னொன்றானதாகவே கேட்டார்கள். தொடர்ச்சியாக வரும் ஒன்றைக் கேட்கும் தரப்புதான் துண்டு போடுகிறது. எல்லைக்கோட்டை வரைவதும் அதுவே. பெருவிரலும் தொடர்ச்சியாகத்தான் நகர்கிறது. அதில் எது ‘வலம்’, எது ‘கீழ்வலம்’ என்று முடிவு செய்வது விரல் அன்று, பொத்தான். இத்தனையும் தெரிந்த எனக்கு, எட்டு வயதுப் பையன் “நான் அழுத்தறது ஒண்ணு, அது போறது ஒண்ணு” என்று துல்லியமாக விவரித்ததை இத்தனை காலம் கழித்தும் ஒரு சான்றாக எண்ணத் தோன்றவில்லை.

சரிசெய்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்கேனும் பயன்படும். முதலில் எளிய வழியை முயன்றேன். திசைத் தடங்களின் விளிம்பில், பக்கத்துத் திசையை நோக்கிய ஓரங்களில் மெல்லிய டேப் ஒட்டித் தொடும் பரப்பைக் குறைத்தேன். தவறான மூலைத்திசைகள் குறைந்தன. ஆனால் எல்லாத் திசைக்கும் விரல் வலிக்க அழுத்த வேண்டியிருந்தது. இது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மூடுவது. டேப்பை உரித்துவிட்டு முனையையே உயர்த்த முடிவு செய்தேன். சிம் கார்டை எடுத்தபின் எஞ்சும் பிளாஸ்டிக் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதிலிருந்து மிளகளவு வட்டம் ஒன்றை வெட்டி முனைமேல் ஒட்டினேன். இப்போது உயரம் மிகுந்துவிட்டது. நான்கு திசையும் கத்திபோல் தெளிவு, ஆனால் மூலைத்திசை வரவேயில்லை. கான்ட்ராவில் மூலையில் சுட முடியாது, ஆடவே முடியாது.

திசைப்பொத்தானைச் சோதிக்கக் கான்ட்ரா நல்ல அளவுகோல். கீழே அழுத்தினால் வீரன் தரையில் படுப்பான். கீழும் பக்கமும் சேர்ந்தால் எழுந்து நடந்தபடி சாய்வாகக் கீழ்நோக்கிச் சுடுவான். கீழே அழுத்திப் பிடித்தபடியே பெருவிரலை இடமும் வலமும் லேசாக உருட்டிப் பாருங்கள். லேசான உருட்டலுக்கே எழுந்து நடந்தால் பொத்தான் அளவுக்கு மீறிக் கேட்கிறது. எவ்வளவு உருட்டினாலும் எழாவிட்டால் போதிய அளவு கேட்கவில்லை. இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு: பொத்தானின் நட்டநடுவில் அழுத்துங்கள். எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால், தாங்கும் முனையைப் பாருங்கள்.

மென்மையான உப்புத்தாளில் வட்டத்தைக் கொஞ்சம் தேய்ப்பது, பூட்டுவது, படுத்து உருண்டு பார்ப்பது, மறுபடி கழற்றுவது. ஆறாவது முறை சரியாக அமைந்தது. நேர்த்திசையும் தெளிவு, வேண்டும்போது மூலையும் வந்தது.

தம்பி புனேயில் வேலை பார்க்கிறான். இருபது வயதில் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கப் போனபோது, “எனக்குக் கை ஒத்துவராதுக்கா, சின்ன வயசுலயே தெரியுமே” என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தவன். அன்று நான் சிரித்தேன். ஒரு பிளாஸ்டிக் முனையின் குட்டைத்தனம்தான் அதற்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தரவு இல்லை. ஆனால் ‘சின்ன வயசுலயே’ அதை அவனுக்குத் தெரிவித்தது யார் என்பதற்குத் தரவு இருக்கிறது.

சென்ற வாரம் இரண்டு நாள் விடுப்பில் வந்தான். இரு துண்டுகளையும் கவிழ்த்து வைத்துக் காட்டினேன். பளபளப்பையும், சொரசொரப்பையும், போர்டில் இருந்த தழும்பையும், இல்லாத தழும்பையும். அவன் நெடுநேரம் பார்த்தான். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியம் வாயில் வரவில்லை. அவனே சொன்னான்: “அப்பவே சொன்னேன்ல?”

“சொன்னேடா” என்றேன். “நான்தான் கேக்கல.”

கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். முதல் துளையில்தான் செருகியிருந்தேன். மரியோ ஓடினான், முதல் குழியைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான், அடுத்த கட்டத்தில் ஒரு குழியில் நேராகப் போய் விழுந்தான். நான் பதறி, முனை பெயர்ந்துவிட்டதோ என்று கை நீட்டினேன். அவன் தரவில்லை.

“இல்லக்கா, ரிமோட்டு நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தான். “இது என் கைதான். இன்னொரு ஆட்டம் ஆடறேன்.”